டீசலைத் துரத்தாத கதை

தம்பி,

நேற்றுத்தான் அம்மாவின் அலுமாரியை முழுதாக ஒதுக்கி முடித்தேன். மேல்தட்டில், பழைய பிஸ்கற் பேணிக்குள், அப்பாவின் சாம்பல் நிறச் சொக்ஸ் ஒன்று சுருட்டியபடி கிடந்தது. ஒற்றைச் சொக்ஸை எதற்கு இவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று எரிச்சலோடு தூக்கினேன். பாரமாக இருந்தது. விரித்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகு விரித்தும் பார்த்தேன். டீசல், உன் விளையாட்டு ரயில் எஞ்சின். கறுப்புப் பூச்சு மூலைகளில் உரிந்து உள்ளே வெள்ளி தெரிகிறது. ஒரு சில்லு சுற்றாது. முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்த அதே சிரிப்பு, ‘எனக்கு எல்லாம் தெரியும்’ சிரிப்பு.

ஆட்டைத் திவசத்தன்று நாங்கள் இருவரும் பேசியது மொத்தம் மூன்று வசனம். அதில் ஒன்று வடையைப் பற்றியது. என் தொலைபேசியை நீ எடுப்பதில்லை. ஆனால் இங்கே எழுதுவதை வாசிக்கிறாய், எப்படித் தெரியும் என்று கேட்காதே. வீட்டு விஷயத்தை இதில் எழுதப் போவதில்லை. வாசிப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர், அவர்கள் தங்கள் தங்கள் தீர்ப்பை எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். மற்றப் பாதிக்கு அது தேவையில்லை. உனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கையெழுத்துப் போடுகிறேன். சரியா? இனி டீசலைப் பற்றிப் பேசுவோம்.

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு, மாமா வீட்டு மேல்மாடி அறையில், லைப்ரரியிலிருந்து எடுத்த, பேசும் ரயில் எஞ்சின்களின் கதைகளான ‘டக் அண்ட் த டீசல் எஞ்சின்’ என்ற குட்டிப் புத்தகத்தை உனக்குத் தமிழில் சொல்வேன். என் ஆங்கிலம் அப்போது அரைகுறை. தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார்த்து நானே எதையாவது போட்டு நிரப்புவேன். ‘டக்’ என்ற எஞ்சின் எங்கள் வீட்டில் தாரா ஆனான். தடித்த மேலதிகாரி ‘வண்டி ஐயா’ ஆனார். வயிற்றையும் வண்டி என்போம், ஓடுவதையும் வண்டி என்போம், அவருக்கு இரண்டும் பொருந்தியது. அந்தப் பெயருக்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். டீசலை மட்டும் டீசல் என்றே விட்டேன். ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற எங்களுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அதே வரிசைக் கதைகளில் வரும் தோமஸ் எஞ்சின். உனக்கு டீசல். முக அழகே இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டியை ஏன் உனக்கு அவ்வளவு பிடித்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். புது ரயில் யார்டுக்கு வந்து இறங்கியவுடன், எங்களுக்குப் படிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறோம் என்று மார் தட்டுகிறான். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத நீ அதைக் கேட்டு எழும்பி நின்று கைதட்டினாய். துருப்பிடித்த கூட்ஸ் பெட்டிகளை இழுக்கப் போய் அவன் மூக்குடைபட்டு, பெட்டிகள் அவனைப் பாட்டுப் பாடிக் கிண்டல் பண்ணும் இடத்தில் உன் முகம் சுருங்கிவிடும். அந்தப் பக்கத்தை நான் கெதியாகத் திருப்பிவிடுவேன்.

கடைசிக் கதையின் முடிவையும் திருப்பிவிட்டேன்.

புத்தகத்தை எழுதிய பாதிரியார் ஓட்ரியின்படி டீசலைத் துரத்திவிடுகிறார்கள். என் தமிழில் துரத்தவில்லை. அவன் தாராவிடம் மன்னிப்புக் கேட்டான், வண்டி ஐயா ஒரு மூலையில் அவனுக்கும் ஒரு கொட்டகை கொடுத்தார், எல்லோரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். ரயில் எஞ்சின்கள் தேத்தண்ணீர் குடிக்குமா என்று நீ கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயது. ஊரை விட்டு வெளிக்கிட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. உனக்குப் பிடித்த ஒருவனை இன்னொரு இடத்துக்குத் துரத்துகிறார்கள் என்று அந்த அறையில் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. அது பொய் என்றால் பொய்தான்.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேராக மேலே போனாய். நான் பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், அப்பாவின் சொக்ஸ் ஒன்றை எடுத்து அதற்குள் டீசலை இறக்கிக்கொண்டிருக்கிறாய். பக்கத்தில் ஒரு மாரி பிஸ்கற், ஒரு பென்சில் துண்டு, அம்மாவின் தலைமயிர் கிளிப் ஒன்று. ‘என்னடா செய்கிறாய்?’ என்றேன். நிமிர்ந்து பார்க்காமல், ‘பாக்கிங்’ என்றாய்.

அன்றைக்கு வகுப்பில் ரீச்சர் அதே கதையை வாசித்திருக்கிறார். மேலதிகாரி டீசலை ‘சென்ட் ஹிம் பாக்கிங்’, அதாவது துரத்திவிட்டார், என்று வருகிறது. அதில் உனக்குப் பிடிபட்டது ‘பாக்கிங்’ மட்டும்தான். அந்தச் சொல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இல்லை, அவன் போகவில்லை, அங்கேயே இருந்தான் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாய். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது. அன்று நீ என்னை ஏசவில்லை, அழவும் இல்லை. சொக்ஸின் வாயை முடிந்தாய். ‘போற இடத்தில அவனுக்குப் பசிக்கும், அதுதான் பிஸ்கற்’ என்றாய், ஏதோ நான் கேட்டது போல. அந்தப் பொதி ஒரு கிழமையாக ஜன்னல் விளிம்பில் இருந்தது. பிறகு காணாமல் போனது. நீ எறிந்துவிட்டாய் என்று நான் நினைத்தேன். நான் எறிந்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய் போல. அம்மா இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள். முப்பத்தைந்து வருடம் கழித்து என்றாலும் கேட்கத்தான் வேண்டும்.

ஓட்ரியைப் பற்றிப் பிறகு வாசித்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. சின்னமுத்து வந்து படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அந்தப் பாதிரியார் வாயால் சொன்ன கதைகள்தானே எல்லாவற்றுக்கும் தொடக்கம். நேற்றுச் சொன்னது இன்று ஒரு சொல் மாறினாலும் பொடியன் விடமாட்டானாம். அதனால்தான் கிடைத்த தாளில் எழுதி வைக்கத் தொடங்கினாராம். அவருக்கு அப்படி ஒரு மகன். எனக்கு, நான் சொன்னதை அப்படியே நம்பி வகுப்பில் போய் வாதாடிய ஒரு தம்பி.

ஆனால் அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. 1955இல் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியை ஒழித்து டீசலும் மின்சாரமும் என்று திட்டம் போடுகிறது. 1958இல் இந்தப் புத்தகம் வருகிறது. நீராவியை உயிராக நேசித்த மனிதர், அவர் வயிற்றெரிச்சல் புரிகிறது. அதற்காகப் புதிதாக வந்தவன் வாய்க்கொழுப்பு, பொய், கோள் என்று எல்லாம் சேர்த்தா வரவேண்டும்? அவனுக்கு யார்டைச் சுற்றிக்காட்ட ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லையா? 1966இல் போகோ என்று ஒரு நல்ல டீசலைக் கொண்டுவந்தார், ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் எங்களுடையவனுக்குக் காலம் கடந்துவிட்டது. நீ பன்னிரண்டு வயதில் கொப்பியில் எழுதி வைத்திருந்தாயே, நிஜத்தில் அவன் வகுப்பு 08 ஷண்டர், யார்டில் பெட்டி தள்ளும் எஞ்சின், 1952 முதல் 1962 வரை 996 செய்தார்கள், 350 குதிரைத்திறன், வேகம் மணிக்குப் பதினைந்து இருபது மைல் என்று. அவ்வளவு பெருமை பேசியவனை ஒரு சைக்கிள்காரன் முந்திவிடுவான்! அதே வகை எஞ்சின் இன்னமும் டிப்போக்களில் பெட்டி தள்ளுகிறது. உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உன் சம்பளமே அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

இனி எழுதப் போவதை வாசித்துவிட்டுக் கோபித்துக்கொள்வாய். கோபி.

முடிவைத்தான் நான் வெட்டினேன். அதற்கு முந்திய கதையை வெட்டவில்லை. பெரிய எஞ்சின்களுக்கு டீசல் பட்டப்பெயர் வைத்து, அவற்றைத் தாராதான் வைத்தான் என்று கூட்ஸ் பெட்டிகளின் காதில் ஊதிவிட, அந்தப் பெரிய எஞ்சின்கள் தாராவை உள்ளே விடாமல் கொட்டகை வாசலை அடைத்து நிற்கும் கதை. அதை நீ திரும்பத் திரும்பக் கேட்டாய், நானும் குரலை மாற்றி மாற்றிச் சொன்னேன். பொய் சொன்னவனை இறுதியில் துரத்துவார்கள் என்ற பகுதி மட்டும் உன் தமிழ்ப் பதிப்பில் இல்லை. அதை ரீச்சரிடம்தான் கேட்டாய், அதையும் நீ நம்பினாயோ தெரியாது. ஒன்பது வயதில், கீழ்வீட்டு மேசையில், நிறைந்த சபையில், மூன்று பேருக்கு மூன்று பட்டப்பெயரைச் சொல்லி, ‘அக்கா இப்படித்தான் சொல்லுறவ’ என்றாய். அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். மூவரில் ஒருவர் இதை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறார். வணக்கம், நலம்தானே?

உண்மையைச் சொன்னால், மூன்றில் ஒன்று என்னுடையதுதான். எது என்று கேட்காதே.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்களோ அவர்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்தோம். யாராவது ஒருவர் போனால்தான் சமாதானம் என்றார்கள். பர்மிங்காமில் சித்தி வீடு, பதினெட்டு மாதம், புதுப் பள்ளிக்கூடம், அதுவும் பரீட்சை வருடத்தில். நான் ஜன்னலோரம் பஸ்ஸில் இருந்தேன். நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கை காட்டவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை என்பது தெரியும். தெரிந்தும்தான் சொல்கிறேன்: ‘நான்தான் வைத்த பெயர்’ என்று சொல்ல உனக்கு அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தது.

அந்தப் புத்தகத்தை நேற்று இரவு மறுபடி எடுத்துப் பார்த்தேன். தாராவை இன்னொரு நிலையத்துக்கு அனுப்பிய அதே மேலதிகாரி, கடைசியில் வந்து, டீசல் சொன்னதைத் தான் ஒருபோதும் நம்பவில்லை என்கிறார். நம்பவே இல்லையாம்! பிறகு ஏன் ஐயா அனுப்பினீர்? பதினான்கு வயதில் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன், பொருள் விளங்காமல். நேற்று அந்தப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டேன். அப்பா அந்த வரியைச் சொல்லாமலே போய்விட்டார். நம்பினாரா, நம்பாமலே அனுப்பினாரா? அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். ‘சாப்பாடு ஆறுது’ என்றார்.

தாரா பிழைத்தது ஒரு முடிதிருத்துகிற கடையின் சுவரை இடித்து. நான் பிழைத்தது சித்தியின் கோழிக்கறியால். அதுவும் மோசமில்லை.

நீ டீசல் என்று எழுதத்தான் இதைத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகையில் அந்தச் சொக்ஸ் குறுக்கே வந்து நிற்கிறது. போகிற ஒருவனுக்குப் பசிக்கும் என்று பிஸ்கற் வைத்த பிள்ளை. எனக்குப் பஸ்ஸில் அம்மா கட்டித்தந்த பொதியிலும் மாரி பிஸ்கற் இருந்தது. இடியப்பப் பொதிக்கு மேல், கடதாசியில் சுற்றாமல், மூன்று. அம்மா ஒன்றையும் சுற்றாமல் வைக்கிற ஆள் இல்லை.

அவற்றை நீ வைத்தாயா?

அலுமாரியைச் சனிக்கிழமை வந்து ஆட்கள் எடுத்துப் போகிறார்கள். பத்திரங்களை வழக்கறிஞருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். டீசலை அனுப்பவில்லை. தபாலில் தொலைந்தால் நானே எறிந்தேன் என்பாய். குசினி ஜன்னல் விளிம்பில், சொக்ஸுக்கு வெளியே, உள்பக்கம் பார்க்க வைத்திருக்கிறேன். மதியத்துக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

அக்கா