ஊருணியில் நீச்சல் முகாமா? முதலில் கரையில் ஆள் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ஊர் இளைஞர் மன்றங்கள் சிறுவர்களுக்கு நீச்சல் முகாம் நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ‘இங்கு குளிக்கக் கூடாது’ என்று பலகை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிற பன்னிரண்டு வயதுப் பையன் செட்டிநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் நீச்சல் தெரிந்த நாலு இளவட்டங்கள் கூட இருந்தால் போதும் என்பதுபோல் எழுதிவிட்டீர்கள். அது போதாது. முகாமில் பிள்ளைகளைக் காப்பவர்கள் கரையில் நனையாமல் நிற்பவர்கள்தான்.

முதலில் இடம். குடிநீர் ஊருணியை விட்டுவிடுங்கள். அங்கே யாரும் இறங்கக் கூடாது. கைவிட்ட கல் குவாரிப் பக்கம் போகவே வேண்டாம்: செங்குத்தான சுவர், கால் வைக்கப் படி இல்லை, ஆழம் யாருக்கும் தெரியாது. கண்மாய் பார்க்கச் சமதரையாக இருக்கும். ஆனால் மண் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு நீருக்கடியில் மறைந்துகிடக்கும். இடுப்பளவில் நடந்துகொண்டிருக்கிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போவது இப்படித்தான். மடை திறந்திருந்தால் அதன் வாயில் இழுப்பு இருக்கும். மடையைத் திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சியிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

மிஞ்சுவது குளிக்கிற ஊருணியும் தெப்பக்குளமும். நம் ஊர்ச் செம்பறாங்கல் படிக்கட்டு அழகுதான், ஆனால் நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அதுவே பொறி. ஒவ்வொரு படிக்கும் முக்கால் அடி, ஒரு அடி என்று ஆழம் கூடும். பாசியில் வழுக்கி இரண்டு படி இறங்கினால் மார்பளவு நீர் தலைக்கு மேல் போய்விடும். கடைசிப் படிக்குக் கீழே சகதி. சில ஊருணிகளின் நடுவே கிணறும் உண்டு.

ஆகவே முதல் நாளே நன்றாக நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்கள், அடிக்கணக்குக் குறித்த மூங்கில் கழியோடு இறங்கி, பகுதி முழுவதையும் காலால் துழாவ வேண்டும். உடைந்த பாட்டில், கருவேல முள், கரைத்த பிள்ளையார் சிலையின் கம்பி எல்லாம் அகப்படும். கால் முழங்கால் வரை சகதியில் புதைந்தால் அந்த இடம் வேண்டாம். பிறகு கயிற்றில் ஆறடிக்கு ஒன்றாகக் காலி பிளாஸ்டிக் கேன்களைக் கட்டி எல்லை போடுங்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு மூன்றரை அடிக்கு மேல் ஆழம் கூடாது. அதுவும் குழுவிலேயே குள்ளமான பிள்ளையின் மார்பைத் தாண்டக் கூடாது. ஓரடி அகல வெள்ளைத் தட்டை மூன்றடி ஆழத்துக்கு இறக்கிப் பாருங்கள். மேலிருந்து தெரியவில்லை என்றால் அன்று முங்குவதும் பாய்வதும் இல்லை. கோடை மழை பெய்த மறுநாள் நம் செம்மண் நீரில் அநேகமாகத் தெரியாது.

‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்று பிள்ளைகள் சொல்வதை நம்பாதீர்கள். கரையை ஒட்டியே சோதியுங்கள். 75 மீட்டர் நீந்தி, அடுத்த 25 மீட்டர் மல்லாந்து நீந்தி, பிறகு அசையாமல் மிதந்து காட்டுபவர் நீச்சல்காரர். 25 அடி போய்த் திரும்பி வர முடிந்தவர் பழகுநர். மற்றவர்கள் எல்லாரும் மூன்றரை அடிக்குள். டியூப் கட்டியவரும் இதில்தான் சேர்த்தி; கை நழுவினால் டியூப் மிதக்கும், பிள்ளை மிதக்காது.

எல்லாரையும் ஜோடி சேர்த்து, ஜோடிக்கு ஒரு எண் கொடுத்து, அட்டை வில்லையைக் கரைப் பலகையில் மாட்டுங்கள். இறங்கும்போது மாட்டி, ஏறும்போது எடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதினால் ஜோடிகள் கைகோத்து உயர்த்த, எண்ணிப் பலகையோடு சரிபார்க்க வேண்டும். கணக்கு உதைப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: ஒன்றுக்குப் போகிறேன் என்று ஏறியவன் வில்லையை எடுத்திருக்க மாட்டான். அவன் இருக்கிற இடம் தெரியும்வரை எல்லாரும் கரையிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பத்துப் பிள்ளைக்கு ஒரு மீட்பாளர். அவர் போக, எந்நேரமும் ஒரு கரைக்காவலர். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் நின்றால் வெயில் முதுகுப்புறம் இருக்கும், நீர் கண்ணைக் கூசாது. மூழ்குகிறவர் சத்தம் போடுவார் என்று காத்திருக்காதீர்கள். வாய் நீர்மட்டத்தில் இருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் நீரைக் கீழே அழுத்தும், குரல் வராது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

குதித்துக் காப்பாற்றுவது கடைசி வழி. ஒருவரைப் பிடிக்கப் போய் இருவர் மூழ்குவது அப்படிக் குதிப்பதால்தான். முதலில் கழியை நீட்டுங்கள். எட்டவில்லை என்றால், கொஞ்சம் நீர் விட்டு மூடிய ஐந்து லிட்டர் கேனைக் கட்டிய 15 மீட்டர் நைலான் கயிற்றை எறியுங்கள். வேட்டியோ சேலையோகூட உதவும்.

மூச்சில்லாமல் வெளியே எடுத்த பிள்ளையின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நேரத்தைக் கொல்லும். மல்லாத்தி, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை மூச்சு ஊதுங்கள். பிறகு நடுநெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும். ஊருணிக் கேட்டின் சாவி யாரிடம் என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சடக்கும் போட்டி வேண்டவே வேண்டாம். வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் நினைவு தப்பும். நன்றாக நீந்துகிற பிள்ளைகளே இதில் போகிறார்கள். படித்துறையிலிருந்து தலைகீழாகப் பாய்வதும் கூடாது. இடி கேட்டால் உடனே ஏற்றிவிடுங்கள். கடைசி இடிக்கு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். வலிப்பு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் எழுதி வாங்குவது அவசியம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் காவலர்களும் வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், நீச்சலும் கற்கமாட்டார்கள். துப்பட்டாவைக் கரையிலேயே வைத்துவிட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீச்சல் முகாம் அறிவிப்பு எதுவும் வந்தால், நேரம், இடத்தோடு கரைக்காவலர் யார், எத்தனை பிள்ளைக்கு எத்தனை மீட்பாளர் என்பதையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். அதைத் தராதவர்களின் அறிவிப்பைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்றுநர்,
காரைக்குடி