கிழக்கு மாகாணம் என்றால் எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கில் டெங்கு கூடுகிறது என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. மாகாணத்துக்கு ஓர் எண், அதற்குக் கீழே மூன்று மாவட்டங்களுக்கு மூன்று எண்கள். சரி, அதை வாசித்துவிட்டு திருகோணமலை மாவட்டத்தின் உப்புவெளியில் இருக்கும் நான் என்ன செய்வது? வெருகலில் இருந்து தென்னமரவாடி வரை நீண்டு கிடக்கிற மாவட்டம் இது. காய்ச்சல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படத்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கில் நிர்வாக மாவட்டம் மூன்று என்றாலும் சுகாதாரப் பிராந்தியம் நான்கு. அம்பாறை மாவட்டத்துக்குள் இருக்கும் கல்முனை தனி. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் 25 மாவட்டங்களுக்குப் பதிலாக 26 இடங்கள் இருப்பது அதனால்தான். அம்பாறை என்ற வரியை மட்டும் எடுத்துக் கூட்டினால் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சனம் முழுவதும் விடுபட்டுப் போகும். உங்கள் நிருபர் கல்முனையைச் சேர்த்தாரா, இல்லையா? செய்தியில் அது இல்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எண்களோடு சண்டை பிடிப்பது பழைய வியாதி. 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியபோது, இங்கிருந்து மீன் லொறிகள் அங்கே போய் வருவதால் ஊரே கலங்கியது. அன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டேன். திகதி, முழு இலங்கை, திருகோணமலை என்று மூன்று நிரல்கள். பின்னேரம் செய்தி முடிந்ததும் எழுதுவேன்.

மூன்றாவது நிரலை நிரப்புவதுதான் பெரும்பாடு. அரசாங்க அறிவிப்பு தொற்றாளரை ஊர் வாரியாக அல்ல, ஒரே இடத்தில் தொடங்கிப் பரவிய கூட்டமாக, கொத்தணி கொத்தணியாகத்தான் பிரித்தது. மினுவாங்கொடை, பேலியகொடை என்று இருந்தவரையில் ஓரளவு விளங்கியது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்கள் புத்தாண்டுக் கொத்தணி ஆனார்கள். ஓகஸ்ட் வந்தும் அதே கொத்தணிதான். சித்திரையில் பலகாரம் தின்றவர்களுக்கு ஆவணியில் தொற்றியதாம்! மரணமும் அப்படித்தான். தொடக்கத்தில் இறந்தவரின் வயது, ஊர், எந்த வைத்தியசாலை என்று ஆளுக்கு ஒரு வரி வந்தது. சாவு கூடியதும் ஊர் போய்விட்டது. ஆண், பெண், 30 வயதுக்குக் கீழ், 30 முதல் 59 வரை, 60க்கு மேல். அவ்வளவுதான் அட்டவணை.

என் அத்தானும் அந்த 60க்கு மேல் கட்டத்துக்குள் எங்கோ ஓர் ஒன்று. மூதூர்ப் பக்கம் வீடு. 2021 ஓகஸ்டில் அன்டிஜன் சோதனையில் தொற்று என்றார்கள். ஒட்சிசன் இறங்கவே இராத்திரியோடு இராத்திரியாக வேறு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அம்புலன்ஸில் ஏற்றினார்கள். நான்காம் நாள் முடிந்துவிட்டது. உடல் ஊருக்கு வரவில்லை, அங்கேயே தகனம். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு என்பதால் மரணச் சான்றிதழும் அந்த மாவட்டத்தில். மூன்று வாரம் கழித்து ஒரு கந்தோரில் இருந்து அக்காவுக்குத் தொலைபேசி: “ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” கதைத்த பிள்ளையில் பிழை சொல்ல மாட்டேன். அவளிடம் இருந்த தாளில் அத்தான் இன்னும் சிகிச்சையில் இருந்தார். அக்கா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினார்.

ஆக, ஒரே மனிதர் ஒரு மாவட்டத்தில் இறந்தார், இன்னொரு மாவட்டத்தில் உயிரோடு இருந்தார். மூதூரில் எத்தனை பேரை இழந்தோம் என்று கேட்டால் அவரை யார் எண்ணுவது?

இது எங்களுக்கு மட்டும் வந்த வில்லங்கம் என்று சொல்லவில்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், மாநிலத்தின் அன்றாடக் கொரோனா அறிக்கையும் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் ஒத்துப்போகவில்லை. ஒரு குழு போட்டு இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2020 ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்தார்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் திருத்தினார்களே, அதற்கு ஒரு பாராட்டு. அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை. சில மாநிலங்கள் சோதித்த ஆட்களை எண்ணின, சில மாநிலங்கள் எடுத்த மாதிரிகளை எண்ணின. வேர்ஜினியா போன்றவை, இப்போது கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் முன்பு தொற்றியிருந்ததா என்று பார்க்கும் இரத்தச் சோதனையையும் 2020 மே வரை ஒன்றாகவே கூட்டின. அதையெல்லாம் பிரித்து மேய்ந்தது தி அட்லாண்டிக் சஞ்சிகையின் கீழ் இயங்கிய கொவிட் ட்ரக்கிங் புரொஜெக்ட். பெரும்பாலும் தொண்டர்கள். ஒவ்வொரு மாநிலமும் எவ்வளவு ஒழுங்காகத் தரவு தருகிறது என்று பார்த்துப் பரீட்சைத் தாள் மாதிரி தரம் போட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. 2021 மார்ச் 7 வரை, ஒரு வருடம் செய்தார்கள்.

நம்மிடம் அடிப்படையே இல்லை என்றால் பேசாமல் இருப்பேன். 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து தொற்றுநோயை அறிவிக்கும் வழக்கம் இந்த நாட்டில் உண்டு. வார்டில் டெங்கு என்று சந்தேகித்தால் எச் 544 படிவம் நிரப்பி, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கந்தோருக்கு அனுப்புகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) படிவத்தோடு வீட்டுக்கே வந்து, பூச்சாடியையும் கிணற்றடியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறார். அதாவது எந்த ஒழுங்கையில் எத்தனை பேர் என்பது கந்தோர்ப் பதிவேட்டில் இருக்கிறது. மேலே போகப் போகக் கூட்டிக் கூட்டி, எங்கள் கண்ணுக்கு வரும்போது ‘கிழக்கு மாகாணம்’ ஆகிவிடுகிறது. 2017இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்த மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்படி, இந்தப் பக்கம் வேறு மாதிரி. மாவட்ட எண் அந்தப் பாலத்தைக் காட்டாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, கந்தளாய் என்று எம்.ஓ.எச். பிரிவு வாரியாக வாரம் ஒருமுறை, தமிழிலும், நோயாளியின் வீடு இருக்கும் இடத்தை வைத்து எண்களை வெளியிட வேண்டும். மரணம் என்றால் அறிவித்த நாளோடு நடந்த நாளும் வேண்டும். பழைய வாரங்களை அழிக்கக் கூடாது. சின்ன எண்ணைப் போட்டால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தயங்கினால், ‘5க்குக் கீழ்’ என்று போடட்டும். கதவில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டிய வீட்டை அயலவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்கும் மறக்கவில்லை. நீங்களும் மாகாண எண்ணோடு நிறுத்தாமல் உங்கள் நிருபரை அந்தப் பதிவேடு வரை அனுப்புங்கள்.

நோயின் கணக்கோடு வயிற்றின் கணக்கும் உண்டு. 2021இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 194,495 பேர் என்று கடைசி ஆள் வரை எண்ணி வைத்திருக்கிறார்கள். புறாமலைக்கு ஆள் ஏற்றுகிற நிலாவெளிப் படகுக்காரரில் எத்தனை பேர் கொரோனாவின் அந்த இரண்டு வருடத்தில் இயந்திரத்தை விற்றார்கள் என்ற பட்டியலை நான் கண்டதில்லை.

என் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. எந்தக் கந்தோருக்காவது உதவும் என்றால் கொடுக்கத் தயார். 2021 ஓகஸ்டில் ஐந்து நாட்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். அப்போது மூதூரில் அக்கா வீட்டில் இருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.