அசிட்டிலீன் குறித்து ஞானதாஸுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள ஞானதாஸ்,

உமது கடிதம் கிடைத்தது. தோப்பில் ஏத்தன் வாழைக் குலைகள் வெட்டுப் பருவத்துக்கு வந்துவிட்டன என்பதையும், பேரன் பதினொன்றாம் வகுப்பில் வேதியியலை விரும்பிப் படிக்கிறான் என்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். குளச்சலில் படகுக்கு வெல்டிங் செய்யும் கேஸும், குலை பழுக்க வைக்கும் கார்பைடு கேஸும் ஒன்றுதானா என்று அவன் கேட்டதாக எழுதியிருந்தீர். ஒன்றேதான். கார்பன் அணுக்களுக்கு இடையே முப்பிணைப்பு கொண்ட ஆல்கைன் குடும்பத்தின் மிகச் சிறிய மூலக்கூறான அசிட்டிலீன்தான் இரண்டிலும் இருக்கிறது. கால்சியம் கார்பைடில் நீர் பட்டால் இந்த வாயு வெளிப்படும் என்று 1862இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் கண்டறிந்தார்.

அதன் இயல்பு முழுவதும் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள முப்பிணைப்பில் அடங்கியிருக்கிறது. மூன்றில் ஒன்று அணுக்களை நேராக இணைக்கும் சிக்மா பிணைப்பு; மற்ற இரண்டும் பக்கவாட்டில் அமையும் பை பிணைப்புகள். எனவே அணுக்கள் மிகவும் நெருங்கி, ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. ஒரு மோலுக்குச் சுமார் 227 கிலோ ஜூல் ஆற்றலைச் சுமந்துகொண்டிருக்கும் மூலக்கூறு இது. ஆக்சிஜனோடு எரிகையில் இரும்பை உருக்கும் சுமார் 3,100 டிகிரி செல்சியஸ் சுடர் கிடைப்பதற்கும், அழுத்தினால் காற்றே இல்லாமலும் வெடிப்பதற்கும் அந்த ஆற்றலே காரணம்.

பட்டறையில் நிற்கும் மெரூன் நிறச் சிலிண்டரை அவனுக்கு அவசியம் காட்டும். அது மற்ற சிலிண்டர்களைப் போல வெறும் கூடு அன்று. உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு திண்மம் அடைக்கப்பட்டு, அதில் அசிட்டோன் என்னும் திரவம் ஊறியிருக்க, அந்த அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கிறது. சிலிண்டரைப் படுக்கப் போட்டுப் பயன்படுத்தினால் அசிட்டோனே குழாய் வழியாக வந்துவிடும். ஆகவே நிமிர்த்தியே வைக்க வேண்டும். செம்புக் குழாயும் கூடாது; வாயு செம்போடு சேர்ந்து உருவாகும் அசிட்டிலைடு, சிறு உரசலுக்கும் வெடிக்கக்கூடியது.

குலைகளைப் பற்றி நான் உறுதியாகச் சொல்கிறேன்: வியாபாரி எவ்வளவு வற்புறுத்தினாலும் கார்பைடை உமது தோப்புக்குள் விடாதீர். காய் தானே வெளியிடும் எத்திலீனைப் போல அசிட்டிலீனும் ஓரளவு செயல்படுவதால் தோல் மஞ்சளாகிறது. ஆனால் கடையில் கிடைக்கும் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. அதை நனைத்தால் எழும் பூண்டு நாற்றம் பாஸ்பீன் போன்ற அந்த நச்சுக் கலப்புகளுடையது. பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. அளவோடு எத்திலீன் வாயு செலுத்தும் அறைக்கு அனுமதி உண்டு.

இதே முப்பிணைப்பு மருந்துகளிலும் இருக்கிறது. படர்தாமரைக்குப் பூசும் டெர்பினாஃபின் அவற்றில் ஒன்று. அசைடு என்னும் நைட்ரஜன் சேர்மத்தையும் ஆல்கைனையும் செம்பு வினையூக்கியால் இணைப்பது போன்ற 'கிளிக்' வேதியியலுக்காக ஷார்ப்லெஸும் மெல்டாலும், அத்தகைய இணைப்பைச் செம்பு இல்லாமல் உயிருள்ள செல்களில் நிகழ்த்தியதற்காகப் பெர்டோசியும் 2022இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதையெல்லாம் பாடத்தின் கடைசிப் பக்கத்திலாவது சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எத்திலீனையும் அசிட்டிலீனையும் பிரித்தறியும் சோதனையைப் பேரன் செய்யும்போது, அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டில் அசிட்டிலீன் தரும் வெண்ணிற வீழ்படிவை ஒருபோதும் உலரவிடக் கூடாது; அதுவும் வெடிக்கக்கூடிய அசிட்டிலைடுதான். ஈரமாக இருக்கும்போதே ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த அமிலத்தால் சிதைத்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறையில் அவனை இங்கே அனுப்பி வையும். மற்றவற்றை நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
தங்கராஜ்