எடை பார்த்த பிறகே பொருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்த முயற்சியில் இலகுரக விமானம் கட்டுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இறக்கையையும் இன்ஜினையும் விரிவாக விளக்கிவிட்டு, எடையை ஒரே வரியில் கடந்துவிட்டது. அத்தகைய விமானம் ஒன்றைக் கட்டி வருபவன் என்ற முறையில், அந்த வரிக்குப் பின்னால் உள்ளதை எழுத விரும்புகிறேன்.

500 கிலோ மொத்த எடைக்கென வடிவமைத்த விமானம் 550 கிலோவுடன் பறந்தால், அது விழாமல் மிதப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 5 சதவீதம் உயரும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் எடையும் வேகமும் சேர்ந்து கூடுவதால், தரையிறங்கிய பின் பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் அதிகமாகிறது. மொத்த எடையை வரம்புக்குள் நிறுத்த நினைத்தாலோ, கூடிய ஒவ்வொரு கிலோவையும் எரிபொருளிலோ பயணியிடமோதான் கழிக்க வேண்டும்.

இந்த எடை எங்கோ ஓரிடத்தில் மொத்தமாக வந்து சேர்வதில்லை. கண்ணாடியிழைத் துணியின் மேல் எபாக்ஸி பிசின் தடவும்போது, துணியின் எடைக்கு ஏறத்தாழச் சமமான பிசினே போதும். அளவாக நனைந்த துணியில் நெசவின் வரிகள் தெளிவாகத் தெரியும். கண்ணாடிபோல் பளபளத்தால் பிசின் மிகுந்துவிட்டது என்று பொருள். அந்த மிகுதி வலிமை எதையும் தருவதில்லை. நான் முதலில் செய்த வால்பகுதி அப்படித்தான் பளபளத்தது. எடை பார்த்தபோது அரை கிலோ கூடுதலாக இருந்தது. விமானம் சமநிலை கொள்ளும் புள்ளியான ஈர்ப்பு மையத்துக்கு 4 மீட்டர் பின்னால் கூடும் அரை கிலோவை ஈடுகட்ட, அந்த மையத்துக்கு 1 மீட்டர் முன்னால் 2 கிலோ ஈயம் வைக்க வேண்டும். ஆக, அரை கிலோ கவனக்குறைவுக்கு விமானம் சுமப்பது இரண்டரை கிலோ. அந்த வால்பகுதியைக் கழித்துவிட்டு, வேறொன்றைப் புதிதாகச் செய்தேன்.

பெயின்ட், மெத்தை, தேவைக்கு மேற்பட்ட கருவிகள் ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். ஆனால் எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் இறக்கையின் முதன்மை உத்தரத்திலோ, அதை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகளிலோ எவரும் கைவைக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். வரைபடத்தில் குறித்துள்ள தடிமன், விசைகளைக் கணக்கிட்டு வைத்தது. குறைக்க வேண்டியது, வரைபடத்தில் இல்லாமல் நாமாகச் சேர்த்தவற்றைத்தான்.

ஒவ்வொரு உறுப்பையும் பொருத்தும் முன் தராசில் வைத்து, அதன் எடையையும் அது அமையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைப்பதே நான் அறிந்த நல்ல வழி. கட்டி முடித்து மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு வைக்கும் நாளில் தெரியவரும் மிகையை, அதற்குப் பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம். அடுத்த கட்டுரையில் அத்தகைய குறிப்பேட்டின் ஒரு பக்கத்தையாவது மாதிரியாக அச்சிட்டால், இப்போதுதான் பணியைத் தொடங்குவோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்