பூசி மூடும் முன் ஒரு நாள் பொறுங்கள்: பில்டர்களுக்கு ஓர் ஏசி மெக்கானிக்கின் திறந்த மடல்

சென்னையில் அடுக்குமாடி கட்டும் பில்டர்களுக்கும் அவர்களுடைய சைட் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்பிளிட் ஏசி மாட்டுகிறவன் நான். நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன சுவரை நாலைந்து வருஷம் கழித்து உடைக்கிறவனும் நான்தான். உடைக்கும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியவனும் நான்தான். அதனால்தான், சுவருக்குள் புதைக்கும் ஏசி செம்புப் பைப்பைப் பற்றி இந்தக் கடிதம்.

சமீபத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர். "ரெண்டு வருஷத்துல மூணு தடவை கேஸ் போட்டாச்சு தம்பி, மறுபடி கூலிங் போயிடுது" என்றார். மூன்று தடவையும் வந்தவர்கள் கேஸை நிரப்பிக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நிரப்பின கேஸ் எங்கே போகிறது என்று ஒருவரும் தேடவில்லை. நான் இன்டோர், அவுட்டோர் இரண்டையும் கழற்றிவிட்டு, சுவருக்குள் போகும் பைப்பை மட்டும் அடைத்து, நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் முள் இறங்கியிருந்தது. ஓட்டை சுவருக்குள்தான்.

அலமாரிக்கு மேலே ஓரிடத்தில் பெயின்ட் லேசாகப் பொரிந்திருந்தது. அங்கே உளியை வைத்தேன். பூச்சு ஈரமாக, புட்டு மாதிரி உதிர்ந்தது. பைப் வளைகிற இடத்தில் இன்சுலேஷன் கிழிந்து, ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு வெறுமனே சிமெண்டோடு ஒட்டிக் கிடந்தது. மேலெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் களிம்பு. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால், ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து ஒரே ஒரு குமிழி மெதுவாக ஊதிக்கொண்டு வந்தது. அரை அடி மேலே, ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் ஜாயின்ட். ஒட்டுகிற சொல்யூஷன் தடவாமலே சொருகியிருந்தார்கள்.

செம்பு லேசில் கெடும் உலோகம் இல்லை. வீட்டில் செம்புக் குடம் பழுப்பேறுகிறதே, அந்தப் பழுப்புதான் அதற்குச் சட்டை. அம்மா புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். அந்தச் சட்டை இருக்கிறவரை அரிப்பு உள்ளே இறங்காது. அதைக் கிழிப்பவை உப்பு, அமிலம், அம்மோனியா. இவற்றுக்குத் துணையாக ஈரம் வேண்டும். ஏசி பைப்போ ஈரத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. கேஸ் திரும்பி வரும் பெரிய பைப் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறுமனே விட்டால் ஐஸ் வாட்டர் டம்ளர் போல வியர்த்துக் கொட்டும். அதைச் சுவருக்குள் புதைத்தால் அந்த வியர்வை காயவும் வழியில்லை.

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு கூடவே இருக்கிற மலம் என்ற அழுக்குக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார்கள். தத்துவத்துக்கு அது சரி, சைட்டுக்குச் சரிவராது. சுவருக்குள் இருக்கும் செம்புக்குக் களிம்பு கூடப் பிறந்ததில்லை, நாம் கொண்டுபோய் வைப்பது.

'சிமெண்ட் செம்பைத் தின்றுவிடும் சார்' என்று பல சைட்டில் கேட்டிருக்கிறேன். பழியை அங்கே போடாதீர்கள். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது, சாதாரணமாக அது செம்பை ஒன்றும் செய்யாது. (அலுமினியத்தைத்தான் அரிக்கும். செலவு மிச்சம் என்று அலுமினியப் பைப்பை வெறுமனே பதிக்கிறவர்கள் கவனிக்கவும்.) கெடுதல் வருவது அதில் கலக்கிற தண்ணீரிலிருந்தும் மணலிலிருந்தும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு, அதாவது உப்பில் இருப்பது, கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கான்கிரீட் போடும்போது டெஸ்ட் ரிப்போர்ட் ஃபைலில் இருக்கும். பூச்சு வேலைக்கு வரும்போது அதே கவனம் எங்கே? கடலோர சைட்டில் போர்வெல்லிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர்தான் டிரம்மில் இருக்கிறது.

அப்புறம் ஆசிட் வாஷ். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமெண்ட் கறை போக ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார்கள். டைல் பளபளக்கும். இடுக்கு வழியே இறங்கியது தரைக்குள் இருக்கும் பைப்பைத் தேடிப் போகும். பாத்ரூம் பள்ளத்தை நிலக்கரிச் சிண்டர் (எரிந்து மிஞ்சிய கட்டி) போட்டு நிரப்பும் இடங்களில் இன்னும் மோசம். சிண்டரில் கந்தகம் உண்டு, நனைந்தால் அமிலமாகிவிடும். அதன் வழியாகச் செம்புப் பைப்பைக் கொண்டுபோகவே கூடாது. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானும் அதே கதைதான். அந்த வாசனை அசிட்டிக் அமிலம். பைப்பைச் சுற்றி அடைக்க நியூட்ரல் வகை சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மோனியாவுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. அவற்றைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவாயிற்று. நம் ஏசியில் பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டும் பித்தளைதான். அதை வேண்டாத பலம் கொடுத்து முறுக்கிவிட்டு, புறா எச்சம் குவியும் அவுட்டோர் திட்டிலோ, பாத்ரூம் சுவருக்குள்ளோ விட்டால் அதே விரிசல் இங்கேயும் வரும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில், முடிந்தால் பைப்பைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். திறந்து மூடக்கூடிய டக்ட் ஒன்று விடுங்கள். 'வாங்குகிறவர்கள் பைப் கண்ணில் படக்கூடாது என்கிறார்கள்' என்பீர்கள், தெரியும். புதைத்தே ஆக வேண்டுமென்றால் இன்டோர் முதல் அவுட்டோர் வரை ஒரே நீளமாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல் போக வேண்டும். தவிர்க்கவே முடியாத ஜாயின்ட்டைப் பிரேஸிங் செய்யுங்கள் (சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டுவது), ஃபிளேர் நட்டைச் சுவருக்குள் மூடாதீர்கள். நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் வளைவிலும் முனையிலும் பிளவில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். தளத்தைக் கடக்கும் இடத்தில் பெரிய பிவிசி குழாய்க்குள் விட்டு, கம்பியில் உரசாமல் பாருங்கள். டிரெயினில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நைட்ரஜன் ஏற்றி 24 மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது. பூச்சு முடிகிறவரை கேஜ் மாட்டியபடியே இருக்கட்டும். கார்பென்டர் ஆணி அடித்து ஓட்டை போட்டால் அன்றைக்கே முள் சொல்லிவிடும். சுவர் திறந்திருக்கும்போது டேப்பை வைத்து அளவு தெரிய நாலு போட்டோ எடுத்து, வீட்டுச் சாவியோடு கொடுங்கள். இதற்கு ஆகும் செலவு, ஒரு சுவரை உடைத்துப் பூசிப் பெயின்ட் அடிக்கும் செலவில் பக்கத்தில்கூட வராது.

எங்கள் ஆட்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. மெல்லிய பைப்பை வாங்கி 22 கேஜ் கனம் என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பைப் முனையை அடைக்காமல் மாசக்கணக்கில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, சுவரை எப்போது மூடுவது என்பதெல்லாம் உங்கள் கையில்தானே இருக்கிறது? 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. நீங்கள் பதித்துக் கொடுத்த பைப்பும் அதில் அடங்கும் என்பதுதான் என் எண்ணம். டீச்சரம்மாவுக்கு அதைச் சொன்னேன். வீடு வாங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டது என்றார்.

அவர் வீட்டில் இப்போது பைப் சுவருக்கு வெளியே, டிரங்கிங் என்கிற மூடி போட்ட உறைக்குள் போகிறது. வெட்டி எடுத்த அந்த மூன்று அங்குலத் துண்டு என் டூல் பேகில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், சைட்டுக்கு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
சுவர் உடைக்கப் பிடிக்காத ஓர் ஏசி மெக்கானிக்