குறிஞ்சி பேப்பர் – வெள்ளிக்கிழமை சப்மிஷன்

மக்களே, குறிஞ்சிப் பூ பத்தின நம்ம ஆராய்ச்சி பேப்பர் வெள்ளிக்கிழமை ஜர்னலுக்குப் போகுது. இந்த ஜர்னல்ல டபுள் பிளைண்ட் ரிவ்யூ (எழுதினவங்க யாரு, மதிப்பிடறவங்க யாருன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூடாது), அதனால நம்ம பேரெல்லாம் டைட்டில் பேஜ் ஃபைல்ல மட்டும்தான் இருக்கணும், மெயின் ஃபைல்ல இருக்கற நன்றி பகுதியையும் தூக்கிடுங்க, வேர்டு ஃபைல் ப்ராப்பர்ட்டீஸ்ல ஆத்தர்னு நம்ம பேரு ஒளிஞ்சிட்டு இருக்கும் அதையும் அழிங்க (இத யாருமே பாக்கறதில்ல!). குறிஞ்சியோட அறிவியல் பேர ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானான்னு முதல் தடவை முழுசா எழுதுங்க, அப்புறம் எஸ். குந்தியானா, ரெண்டுமே சாய்வெழுத்துல.

2018ல கொடைக்கானல்ல பூத்தப்ப எடுத்த போட்டோவ வாட்ஸ்அப்ல இருந்து எடுத்து ஒட்டாதீங்கப்பா, நீலமே தெரியல, கேமரா ஒரிஜினல் குடுங்க, 300 டிபிஐ (படத்தோட தெளிவு அளவு) கேக்குறாங்க. ஒவ்வொருத்தரோட 16 இலக்க ஆர்கிட் (ORCID, ஆய்வாளர் அடையாள எண்) நம்பரும் வேணும்.

இன்னொரு ஜர்னலுக்கும் சேத்து போடலாமான்னு கேட்ட தம்பிக்கு: கூடவே கூடாது, ஒரு நேரத்துல ஒண்ணுதான்.

பேரிஜம் பக்கம் ஃபீல்டுல இருக்கறவங்க டவர் இல்லன்னு சொல்லாம கொடைக்கானல் மூஞ்சிக்கல் வந்ததும் இந்த மெசேஜுக்கு ஓகே போடுங்க.