சாக்ஸ் வந்துருச்சும்மா

அம்மா,

நான் நல்லா இருக்கேன். பார்சல் திங்கக்கிழமை வந்துச்சு, பருப்புப்பொடி டப்பா மூடி கழண்டு சாக்ஸ் பூரா பொடி, ரெண்டு தடவை துவைச்சும் பூண்டு வாசம் போகல, பக்கத்து ரூம் பொண்ணு கதவைத் தட்டி என்ன சமையல்னு கேக்குது.

நியூகாசில்ல குளிர் குறைஞ்சிருச்சாம், இவங்கதான் சொல்றாங்க, எனக்கு இன்னும் ரெண்டு ஸ்வெட்டர்.

போன வாரம் தொல்லியல் கிளாஸோட விண்டோலாண்டா போனோம். ஹேட்ரியன்னு ஒரு ரோமானிய ராஜா கட்டுன சுவர் பக்கத்துல அவங்க படை இருந்த கோட்டை. கி.பி. 122ல கட்ட ஆரம்பிச்ச சுவர், இந்தக் கடல்பக்கம் இருந்து அந்தக் கடல்பக்கம் வரை 117 கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஓடுற பஸ்ஸுக்கு நம்பரே ஏடி122ன்னு வச்சிருக்காங்க!

1973ல அங்க குழி போட்டப்ப ஈர மண்ணுல மரச்சீவல் மாதிரி ரெண்டு துண்டு ஒட்டிக்கிட்டு கிடைச்சிருக்கு, பிரிச்சா உள்ள மையில எழுத்து. காத்தே போகாத மண்ணு, அதான் 1900 வருசமா மக்கல. போஸ்ட் கார்டு சைஸுதான். அப்புறம் நூத்துக்கணக்குல கிடைச்சுது, எல்லாம் கடிதாசி, கணக்கு, லீவு லெட்டர். ஒரு அதிகாரியோட சம்சாரம் இன்னொருத்திய செப்டம்பர் 11 பிறந்தநாளுக்குக் கூப்பிடுது. கடிதாசிய வேற ஆள் எழுதிருக்கான், கடைசி சில வரி மட்டும் அந்தம்மாவோட கையெழுத்து, கோணல்மாணலா, நம்ம அப்பத்தா பேங்க்ல போடுற மாதிரி.

இன்னொண்ணுல, சாக்ஸ் அனுப்பிருக்கேன், ரெண்டு ஜோடி செருப்பு, ரெண்டு ஜட்டின்னு இருக்கு. அனுப்புனது யாருன்னு தெரியல, அந்தப் பக்கம் உடைஞ்சு போச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல, நீயும் போன பார்சல்ல ஜட்டி வச்சேல்ல.

ஒரு கணக்குச்சீட்டுல ஒருத்தன் பேருக்கு நேரா மிளகு, ரெண்டு டெனாரியஸ். அது அவங்க வெள்ளிக்காசு. மிளகு எங்கருந்து வந்துருக்கும்னு சார் கேட்டார், நான் கை தூக்கிட்டேன். முசிறி, சேர நாடு, யவனர் பொன்னோட வந்து கறியோட போனாங்கன்னு அகநானூறுல வருதுன்னு சொல்லிட்டேன். இங்கிலீஷ் தடுமாறுச்சு, ஆனா சார் முசிறிய போர்டுல எழுதினார். கறின்னா மிளகுன்னு புரியவைக்கத்தான் அஞ்சு நிமிசம் ஆச்சு, எல்லாரும் சிக்கன் கறிய நினைச்சுக்கிட்டு.

அடுத்த மாசம் நாங்களே குழில இறங்கணும். இது வரைக்கும் பழைய டூத்பிரஷ்ல பானை ஓடு கழுவுற வேலைதான், அதுலயும் ஒரு மணி நேரம் தேச்சது கடைசில வெறும் கல்லு. குழிக்கு ஆளுக்கொரு கரண்டி சொந்தமா வாங்கணும், 4 இன்ச், வாங்கிப் பாத்தா அப்பா வச்சிருக்கிற கொத்தனார் கரண்டியேதான், கொஞ்சம் சின்னது, அவ்ளோதான். விளிம்பைத் தீட்டி வச்சிக்கணும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எந்தப் பக்கம், எவ்ளோ தீட்டணும்னு அப்பாட்ட கேட்டு சொல்லும்மா. நான் போன்ல கேட்டா இதுக்கா லோன் போட்டுப் போனன்னு ஆரம்பிச்சுருவார்.